சீடி உள்ளே போகிறது, படம் ஏன் வரவில்லை?

2013 தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், மட்டக்களப்பு டவுனுக்குத் தெற்கே இருக்கிற ஆரையம்பதியிலிருந்து பெரியம்மா கோல் எடுத்தார். டொரன்டோவில் நடந்த தங்கச்சியின் கல்யாண வீடியோ பார்சலில் வந்து சேர்ந்துவிட்டதாம், ஆனால் பிளேயரில் போட்டால் ஓடவில்லையாம். விசா கிடைக்காததால் மகளின் கல்யாணத்துக்குப் போக முடியாமற்போன தாய் அவர். குரல் அடைத்திருந்தது. நான் உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். புதிய கல்லடிப் பாலம் அப்போது திறக்கப்பட்டிருக்கவில்லை. பழைய இரும்புப் பாலத்தில் காத்து நின்று கடந்து, நாவற்குடா, காத்தான்குடி தாண்டிப் போய்ச் சேர அரை மணித்தியாலம் பிடித்தது.

மேசையில் நீல நிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று திறந்தபடி கிடந்தது. பெரியம்மா அந்தச் சீடியைச் சேலைத் தலைப்பால் பல தடவை துடைத்திருந்தார். நான் வாங்கிப் பிளேயரில் வைத்தேன். தட்டு உள்ளே போனது. மோட்டார் சுற்றியது. உள்ளே இரண்டு மூன்று தடவை 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் சுற்றுவது நின்று, திரையில் 'நோ டிஸ்க்' என்று வந்தது.

"உள்ளுக்குத்தானே மனே கிடக்கு. இல்லையெண்டு சொல்லுது" என்றார் பெரியம்மா.

வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். சாதாரண டிவிடியின் அடிப்பக்கம் போல் வெள்ளியாகவோ ஊதாவாகவோ இல்லை. கருமை படிந்த, கொஞ்சம் மண்ணிறம் கலந்த நிறம்.

"பெரியம்மா, இது புளூ-ரே. இந்தப் பிளேயருக்கு இதை வாசிக்க ஏலாது."

"எல்லாம் ஒரே அளவுதானே? மறுகா ஏன் ஏலாது?"

அன்று இரண்டு வரியில் மறுமொழி சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரே அளவு, ஒரே வட்டம், நடுவில் ஒரே ஓட்டை. பிறகு ஏன் ஒன்று ஓடுகிறது, மற்றது ஓடவில்லை? ஒரே மாதிரிச் செய்தால் எல்லாருக்கும் நல்லதாயிற்றே, கம்பனிகள் ஏன் அப்படிச் செய்யவில்லை? இதைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல். எங்கள் பக்கத்தில் வட்டமாக இருக்கிற எல்லாவற்றையும் சீடி என்றுதான் சொல்கிறோம். சீடி, விசிடி, டிவிடி, புளூ-ரே எல்லாம் எங்களுக்குச் சீடிதான். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதனால் பொதுவாகச் சொல்லும்போது வட்டு என்கிறேன்.

இந்த வட்டுகள் எல்லாம் 12 சென்ரிமீற்றர் அகலம். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் குழிகள், நடுவிலிருந்து வெளியே சுருள்சுருளாக ஓடும் ஒரே வரியில் பதிந்திருக்கின்றன. (வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிகிற வட்டில் குழிக்குப் பதில் கருமையான புள்ளிகள் இருக்கும். வேலை ஒன்றுதான்.) பிளேயருக்குள் இருக்கும் லேசர் அந்த வரியின்மேல் ஒரு ஒளிப் பொட்டை வைத்து, திரும்பி வரும் வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறது. அந்தக் கூடல் குறைச்சல்தான் படமாகவும் பாட்டாகவும் மாறுகிறது.

கச்சான் போட்ட காணியை நினைத்துப் பாருங்கள். அளவு ஒன்றுதான். வரிகளை அகலமாக விட்டு நட்டால் கொஞ்சச் செடி நிற்கும், நெருக்கி நட்டால் நிறைய நிற்கும். ஆனால் களை பிடுங்கப் போகிறவரின் கால் அந்த வரிகளுக்கிடையே நுழைய வேண்டும். நெருக்கமான வரிக்குள் பெரிய காலை வைத்தால் பக்கத்து வரியும் சேர்ந்து மிதிபடும். லேசரின் ஒளிப் பொட்டு அந்தக் கால் மாதிரி. சீடியின் லேசர் 780 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது. டிவிடியின் சிவப்பு லேசர் 650. புளூ-ரேயின் நீலஊதா லேசர் 405. அலைநீளம் குறையக் குறையப் பொட்டும் சின்னதாகும், வரிகளையும் நெருக்கலாம். ஒரு தலைமயிரின் பருமனை 70 மைக்ரோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மயிரின் அகலத்துக்குள் சீடியில் 40க்கு மேற்பட்ட வரிகள் அடங்கும், டிவிடியில் 90க்கு மேல், புளூ-ரேயில் 200க்கு மேல். அதனால்தான் ஒரே 12 சென்ரிமீற்றருக்குள் சீடி 650 மெகாபைட் அளவு பிடிக்க, டிவிடி 4.7 ஜீபி பிடிக்கிறது, புளூ-ரே 25 ஜீபி பிடிக்கிறது.

பெரியம்மாவின் பிளேயர் ஏன் 'இல்லை' என்றது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிவிடியில் அந்த வரிகள் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் உள்ளே, வட்டின் தடிப்புக்கு நடுவில் இருக்கின்றன. புளூ-ரேயில் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றரிலேயே இருக்கின்றன. டிவிடி பிளேயரின் வில்லை தனக்குப் பழக்கமான ஆழத்தில் தேடுகிறது. அங்கே அதற்கு விளங்குகிற மாதிரி எதுவும் இல்லை. 'டிக், டிக்' என்று கேட்டது அந்த வில்லை மேலும் கீழும் போய்த் தேடிய சத்தம். பிளேயர் பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை.

சரி, இது வட்டின் கதை. ஆனால் உண்மையான விசயம் வட்டுக்கு வெளியே இருக்கிறது.

வரி எவ்வளவு நெருக்கம், லேசர் என்ன நிறம், படத்தை எந்தக் கணக்கில் சுருக்குவது, பூட்டு எப்படிப் போடுவது: இப்படி ஆயிரம் விடயங்களில் எடுத்துக்கொண்ட ஒரு உடன்பாட்டைத்தான் 'ஃபோர்மட்' என்கிறார்கள். தமிழில் வடிவம் என்று வைத்துக்கொள்வோம். இது பொருள் அல்ல, உடன்பாடு. எங்கள் வீடுகளில் பிளக் படுத்துகிற பாட்டை நினைத்தால் உடனே விளங்கும். ஒரு அறையில் உருண்டைப் பின் 5 அம்பியர், குசினியில் 15 அம்பியர், புதிதாகக் கட்டிய அறையில் சதுரப் பின் 13 அம்பியர். ஓடுகிற கறண்ட் ஒன்றுதான். ஆனால் அயன் பொக்சை ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குக் கொண்டுபோனால் அடப்டர் தேட வேண்டும். கறண்டில் பிழை இல்லை, உடன்பாடு இல்லாததுதான் பிழை.

அப்படியானால் கம்பனிகள் ஏன் முதலே உடன்படுவதில்லை? காசுதான் காரணம். ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தவரிடம் அதன் காப்புரிமைகள் இருக்கும். அந்த வடிவம் உலகம் முழுவதும் பரவினால், யார் பிளேயர் செய்து விற்றாலும், யார் வட்டு அச்சடித்தாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை அவருக்கு வரும். கோடிக்கணக்கான பிளேயரும் வட்டும் விற்கும்போது அந்தச் சிறு தொகை பெரிய வருமானம். தோற்றவர் தன் ஆராய்ச்சிச் செலவையும் இழந்து, வென்றவருக்கு உரிமைக் காசும் கட்ட வேண்டும்.

ஜெயிப்பது எப்படி என்று கேட்டால், நல்ல மெஷின் செய்தால் ஜெயிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இல்லை. மட்டக்களப்பு–கல்முனை பிரதான வீதியில் நின்று பாருங்கள். பஸ் அடிக்கடி வரும். அடிக்கடி வருவதால் சனம் அந்த வீதிக்கு வந்து ஏறும். சனம் ஏறுவதால் இன்னும் பஸ் விடுவார்கள். படுவான்கரையின் உள் வீதிகளில் இதற்கு நேர்மாறு: பஸ் குறைவு என்று சனம் மோட்டார் சைக்கிள் எடுக்கும், சனம் ஏறவில்லை என்று இருந்த பஸ்ஸையும் குறைப்பார்கள். வீடியோ வடிவமும் இப்படித்தான். படம் நிறைய வருகிற வடிவத்தின் பிளேயரைத்தான் சனம் வாங்கும். பிளேயர் நிறைய இருக்கிற வடிவத்தில்தான் படக் கம்பனி படம் வெளியிடும். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும், பிறகு அந்தச் சாய்வே சாய்வை வளர்க்கும். நாம் ஒரு பிளேயர் வாங்கும்போது பெட்டியை மட்டும் வாங்கவில்லை. ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்கிறோம்.

இந்தக் கதையின் முதல் பெரிய அத்தியாயம் வட்டு அல்ல, கசட். 1975 இல் சோனி பீட்டாமக்ஸ் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஜேவிசி விஎச்எஸ் என்பதைக் கொண்டுவந்தது. பீட்டா கசட் சின்னது, படமும் தெளிவு என்று பலர் சொல்வார்கள். ஆனால் தொடக்கத்தில் அதில் ஒரு மணித்தியாலம்தான் பதியலாம், விஎச்எஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். ஒரு முழு ஆங்கிலப் படம் ஒரே கசட்டில் அடங்குவதற்கும் அடங்காததற்கும் உள்ள வித்தியாசம் அது. சோனி பிறகு நேரத்தைக் கூட்டியது, ஆனால் அதற்குள் ஜேவிசி தன் வடிவத்தைப் பல கம்பனிகளுக்கும் செய்யக் கொடுத்துவிட்டது. மலிவான விஎச்எஸ் டெக்குகள் பெருகின. வாடகைக் கடைகளின் ராக்கைகளில் விஎச்எஸ் கசட்டுகள் நிறைந்தன. 1988 இல் சோனியே விஎச்எஸ் டெக் செய்யத் தொடங்கியது.

எங்கள் ஊரில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்த அயல்வீட்டு மாமா ஒருவர் பீட்டா டெக் ஒன்று கொண்டுவந்தார். கூடவே மூன்று கசட். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் மட்டக்களப்பு டவுனிலும் கல்முனையிலும் நாங்கள் கேட்ட கடைகள் எதிலும் பீட்டா கசட் இல்லை. எங்கே போனாலும் விஎச்எஸ்தான். கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வந்தால் டீவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்குக் கொண்டுவந்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும்வரை மூன்று படம் பார்ப்போம். அந்த டெக்கும் விஎச்எஸ், கசட்டின் முதுகில் 'இ-180' என்று இருக்கும், மூன்று மணித்தியாலம் என்று அர்த்தம். மாமாவின் டெக் அந்த மூன்று கசட்டோடு, மாமி தைத்த பூப்போட்ட துணிக்குக் கீழே இருந்தது. நல்ல மெஷின். அவர் சேர்ந்த கூட்டம் மட்டும் இங்கே இல்லை.

வட்டில் படம் பார்ப்பது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1978 இலேயே அமெரிக்காவில் லேசர்டிஸ்க் வந்தது. சாப்பாட்டுக் கோப்பையை விடப் பெரிய, 30 சென்ரிமீற்றர் வட்டு. 1981 இல் ஆர்சிஏ கம்பனி கிராமபோன் மாதிரி ஊசி ஓடும் இன்னொரு வீடியோ வட்டைக் கொண்டுவந்து மூன்றே வருடத்தில் பிளேயர் செய்வதை நிறுத்தியது. இரண்டிலும் நாமாகப் பதிய முடியாது, விலையும் கூட. இரண்டும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் வந்தது விசிடி. 1993 இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நான்கும் சேர்ந்து அதன் விதிகளை எழுதின. சாதாரண சீடிக்குள் 74 நிமிடப் படத்தைச் சுருக்கி வைக்கிறது. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள், அவ்வளவுதான். கொப்பி அடிப்பதைத் தடுக்கும் பூட்டு அதில் இல்லை என்பதால் ஹொலிவுட் கம்பனிகள் அதை விரும்பவில்லை. அமெரிக்காவில் அது தலையெடுக்கவே இல்லை. அங்கே எழுதப்பட்ட வடிவப் போட்டிக் கதைகளில் விசிடிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அருமை. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. சீனா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா என்று கோடிக்கணக்கான சனம் படம் பார்த்தது அந்த வட்டில்தான்.

ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு, பெறுபேறு வரும்வரை களுவாஞ்சிகுடியில் ஒரு கசட் கடையில் நின்றேன். அப்போது கடையில் பாதி ராக்கை கசட், பாதி ராக்கை விசிடி. கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம், நடுவில் எங்கள் ஊர்கள். மாரி வந்தால் கசட் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடி ஜன்னலுக்குள்ளால் பார்த்தால் கறுப்பு நாடாச் சுருளின்மேல் வெள்ளைப் பொடி தூவியது போல் இருக்கும். அந்தக் கசட்டைப் போட்டால் படம் கோடு கோடாக வரும், டெக்கின் ஹெட்டிலும் அழுக்கு ஏறும், அப்புறம் போடுகிற நல்ல கசட்டும் கெட்டதாகத் தெரியும். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைப்பதுதான் காலையில் என் முதல் வேலை. விசிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. கீறல் விழுந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஆனாலும் துடைத்துப் போட்டால் ஓடிவிடும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு வட்டு, நீளமான படத்துக்கு மூன்று. நடுவில் ஒருவர் எழும்பிப் போய் மாற்ற வேண்டும், அந்த நேரத்தில் தேத்தண்ணி வரும். படத்தின் தரம் என்று பார்த்தால் நல்ல விஎச்எஸ் கசட்டை விட விசிடி பெரிதாக மேல் இல்லை. ஆனால் மலிவு, சின்னது, பூஞ்சணம் பிடிக்காது. எங்கள் காலநிலைக்கும் எங்கள் கையில் இருந்த காசுக்கும் அதுதான் பொருந்தியது.

அதே 90களில் ஜப்பானில் இன்னொரு மோதல் தயாராகிக்கொண்டிருந்தது. சோனியும் பிலிப்ஸும் ஒரு புதிய வட்டைச் செய்தன. டோஷிபா, மட்சுஷிட்டா, டைம் வோர்னர் முதலியவை சேர்ந்து வேறொன்றைச் செய்தன. பீட்டா–விஎச்எஸ் கதை மறுபடியும் நடக்கப் போகிறது என்று எல்லாரும் பயந்தார்கள். அதைத் தடுத்தது கணினிக் கம்பனிகள். ஐபிஎம் உள்ளிட்ட பெரிய கணினிக் கம்பனிகள் 1995 இல் ஒன்றுசேர்ந்து, 'ஒரே வடிவத்தோடு வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் எடுக்க மாட்டோம்' என்ற நிலையில் நின்றன. இரு பக்கமும் இறங்கி வந்தன. இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்யும் முறை டோஷிபா பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது, தரவைக் குழிகளாக மாற்றும் முறை சோனி–பிலிப்ஸ் பக்கத்திலிருந்து. அந்த விட்டுக்கொடுப்பால் 5 ஜீபி ஆக இருக்க வேண்டியது 4.7 ஜீபி ஆகக் குறைந்தது. டிவிடியில் எழுதியிருக்கும் அந்த 4.7 என்ற முழுமையில்லாத எண் வந்தது இப்படித்தான். 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. படத்தில் விசிடியை விட நான்கு மடங்கு புள்ளிகள், முழுப் படமும் ஒரே வட்டில்.

வாங்குகிறவர்களுக்கு இந்த முழுக் கதையிலும் நடந்த மிக நல்ல காரியம் இந்தச் சமாதானம்தான் என்று நான் நினைக்கிறேன். எல்லாரும் ஒரே விதியில் பிளேயர் செய்ததால் போட்டி விலையில் நடந்தது. சில வருடங்களில் சீனத் தயாரிப்புப் பிளேயர்கள் மட்டக்களப்பு கடைகளிலும் குவிந்தன. டிவிடி போட்டாலும் ஓடும், விசிடி போட்டாலும் ஓடும், எம்பி3 பாட்டு நிரப்பிய சீடி போட்டாலும் ஓடும். டிவிடியில் உலகத்தைப் பிரதேசங்களாகப் பிரித்துப் பூட்டு வைத்திருந்தார்கள்: அமெரிக்காவும் கனடாவும் 1, ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் 2, எங்கள் தென்னாசியா 5. ஒரு பிரதேசத்தில் வாங்கிய வட்டு மற்றப் பிரதேசத்துப் பிளேயரில் ஓடக் கூடாது என்பது ஏற்பாடு. மலிவான பிளேயர்களில் பல அந்தப் பூட்டைக் கணக்கெடுக்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் படம் அனுப்புகிற எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது பெரிய உதவி.

அடுத்தது பெரிய திரை. டீவியின் படம் 1920க்கு 1080 புள்ளிகளாக விரிந்தது, டிவிடியைப் போல் ஐந்து மடங்கு. அவ்வளவு தரவு 4.7 ஜீபிக்குள் நிற்காது. வரிகளை நெருக்க வேண்டும், அதற்கு அலைநீளம் குறைந்த லேசர் வேண்டும். அந்த நீல வெளிச்சம் பல வருடங்களாக ஒருவர் கைக்கும் வராமலிருந்தது. 90களில் ஜப்பானில் நிச்சியா என்ற கம்பனியில் இருந்த ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்ஈடியையும் பிறகு நீலஊதா லேசரையும் செய்து காட்டினார். நீல எல்ஈடிக்காக 2014 இல் அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

லேசர் கிடைத்ததும் இரண்டு பக்கமும் மறுபடி பிரிந்தன. 2002 இல் சோனி, பனசோனிக், பிலிப்ஸ், சாம்சுங் உட்பட ஒன்பது கம்பனிகள் புளூ-ரேயை அறிவித்தன. டோஷிபாவும் என்ஈசியும் எச்டி டிவிடி என்பதை முன்வைத்தன. இரண்டிலும் நீலஊதா லேசர்தான், இரண்டிலும் படம் 1920க்கு 1080தான். ஒரே படத்தை இரண்டிலும் போட்டுக் காட்டினால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வேறுபாடு உள்ளே இருந்தது. எச்டி டிவிடி பழைய டிவிடி போலவே 0.6 மில்லிமீற்றர் ஆழத்தை வைத்துக்கொண்டது. அதனால் டிவிடி அச்சடிக்கும் இயந்திரங்களைக் கொஞ்சம் மாற்றினாலே போதும், செலவு குறைவு. ஆனால் ஒரு அடுக்கில் 15 ஜீபிதான். புளூ-ரே 0.1 மில்லிமீற்றருக்குப் போனது. புதிய இயந்திரம் வேண்டும், மேற்பரப்புக்குக் கீறல் விழாத தனிப் பூச்சும் வேண்டும். பதிலுக்கு 25 ஜீபி கிடைத்தது.

சமாதானப் பேச்சு நடந்து பார்த்தது, சரிவரவில்லை. 2006 ஏப்ரலில் டோஷிபாவின் பிளேயர் 499 டொலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஜூனில் சாம்சுங்கின் புளூ-ரே பிளேயர் 999 டொலருக்கு வந்தது. விலையைப் பார்த்தால் டோஷிபா ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் அந்த நவம்பரில் சோனி பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டியை இறக்கியது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு புளூ-ரே டிரைவ். செய்கிற செலவை விடக் குறைந்த விலைக்கு, நட்டப்பட்டு விற்றார்கள். விளையாடுவதற்கு வாங்கிய பிள்ளையின் வீட்டில், யாரும் தீர்மானிக்காமலே ஒரு புளூ-ரே பிளேயர் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுபக்கத்தில் மைக்ரோசொஃப்ட் தன் விளையாட்டுப் பெட்டிக்கு எச்டி டிவிடி டிரைவைத் தனியாக, 199 டொலருக்கு விற்றது. தனியாக விற்றதை வேண்டியவர் மட்டும்தான் வாங்கினார்.

அதை விடப் பெரிய இழுபறி படக் கம்பனிகளுக்காக நடந்தது. சோனிக்குச் சொந்தப் படக் கம்பனியே இருந்தது. பீட்டாவில் தோற்ற அடுத்த வருடம், 1989 இல் கொலம்பியாவை வாங்கியிருந்தார்கள். டிஸ்னியும் ஃபொக்ஸும் புளூ-ரே பக்கம். யூனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். பரமவுண்ட் இரண்டிலும் வெளியிட்டு, 2007 ஓகஸ்ட்டில் எச்டி டிவிடி மட்டும் என்று மாறியது. அதற்காகப் பெருந்தொகை கைமாறியதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. வோர்னர் இரண்டு பக்கமும் நின்றது. நவம்பரில் வோல்மார்ட் கடையில் டோஷிபா பிளேயர் 98 டொலருக்குப் போனது. சனம் அள்ளியது.

2008 ஜனவரி 4 அன்று வோர்னர் வாய் திறந்தது: இனிப் புளூ-ரே மட்டும். லாஸ் வேகாஸில் பெரிய மின்னணுக் கண்காட்சிக்கு மூன்று நாள்தான் இருந்தது. எச்டி டிவிடி பக்கத்தார் அங்கே நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தை ரத்து செய்தார்கள். பெப்ரவரியில் நெட்பிளிக்ஸ், பெஸ்ட் பை, வோல்மார்ட் ஒவ்வொன்றாகப் புளூ-ரே பக்கம் போயின. பெப்ரவரி 19 அன்று டோஷிபா எச்டி டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது. பிரதான வீதியில் பஸ் கூடக் கூடச் சனம் கூடுகிற அதே கணக்குத்தான். ஒரு படக் கம்பனி இடம் மாறியதும், ஏழு கிழமைக்குள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

98 டொலர் கொடுத்து நவம்பரில் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். பிளேயரில் ஒரு பழுதும் இல்லை. மூன்று மாதத்தில் அதற்கான புதுப் படம் வருவது நின்றுபோகப் போகிறது. மாமாவின் பீட்டா டெக் மாதிரியே.

இந்தப் போட்டியை உலகம் முழுவதும் 'வடிவப் போர்' என்று எழுதினார்கள். நான் அந்தச் சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். டோஷிபாவும் சோனியும் மோதிக்கொண்டிருந்த அதே 2007 இல், வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சண்டையால் இடம்பெயர்ந்து வந்த சனம் மட்டக்களப்பில் கூடாரங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இருந்தது. அந்தச் சொல் எங்களுக்கு வேறு. வியாபாரத்தில் நடந்ததைப் போட்டி என்றே சொல்லலாம்.

புளூ-ரே ஜெயித்தது, ஆனால் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 2007 ஜனவரியிலேயே நெட்பிளிக்ஸ் இணையத்தால் படம் காட்டத் தொடங்கிவிட்டது. 2009 இல் டோஷிபா தானும் புளூ-ரே பிளேயர் செய்தது. 2019 இல் சாம்சுங் அமெரிக்காவுக்குப் புதிய புளூ-ரே பிளேயர் செய்வதை நிறுத்தியது. எங்கள் பக்கத்தில் டிவிடியிலிருந்து சனம் நேரே பென் டிரைவுக்கும் போனுக்கும் தாவிவிட்டது. நடுவில் புளூ-ரே என்ற படியை மிதித்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் அந்த நீலப் பெட்டி பெரியம்மாவுக்கு அவ்வளவு அந்நியமாக இருந்தது.

இப்படி ஒரு வட்டு உங்கள் கைக்கு வந்தால் முதலில் பெட்டியின் நிறத்தையும் அடிப்பக்கத்தின் நிறத்தையும் பாருங்கள். திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டாம், புளூ-ரேயில் தரவு மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கிறது. கல்யாண வீடியோ மாதிரி ஸ்டூடியோவில் பதிந்த வட்டுக்குப் பொதுவாகப் பிரதேசப் பூட்டு இராது. கடையில் வாங்கிய படமென்றால் இருக்கலாம்: புளூ-ரேயில் கனடா 'ஏ', நாங்கள் 'சி'.

அன்று அந்த வட்டை டவுனில் கல்யாண வீடியோ செய்யும் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அவர்களின் கணினியில் புளூ-ரே டிரைவ் ஒன்று இருந்தது. வீடியோவைச் சாதாரண டிவிடிக்கு மாற்றி, ஒன்றுக்கு இரண்டு கொப்பி போட்டுத் தந்தார்கள். பொங்கலன்று மத்தியானம் பெரியம்மா வீட்டு ஹோலில் பதினைந்து பேர். தாலி கட்டுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். எழும்பிப் போய், டீவிக்குப் பக்கத்தில் நின்று, மகளின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பெரிய திரையில் கனடாவில் பார்க்கிற தெளிவு அதில் இல்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பார்த்து முடித்து நீலப் பெட்டியை வைக்க அலுமாரியைத் திறந்தபோது, சேலைகளுக்குக் கீழே பிளாஸ்டிக் பையால் சுற்றிய ஒரு விஎச்எஸ் கசட் இருந்தது. அக்காவின் கல்யாணம், 1993. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுருளின் ஓரத்தில் மட்டும் வெள்ளை பிடிக்கத் தொடங்கியிருந்தது, உள்ளே நாடா இன்னும் கறுப்பாகவே இருந்தது. பெரியம்மாவிடம் கேட்டு அதைக் கையோடு எடுத்து வந்து, அரிசி நிரப்பிய போத்தலுக்குப் பக்கத்தில், ஈரம் படாத தட்டில் நிமிர்த்தி வைத்தேன். ஓடுகிற டெக் ஒன்று தேடத் தொடங்கினேன்.